இரும்பு வளையம்

"என்ன அண்ணே, வளையத்த மாட்டி வெச்சிருக்கீங்க? புதுசா வேலைக்கு வர்றவன்தானே இத மாட்டுவான்!"

சிக்னல் கேபினுக்குள் நுழைந்ததும் பாக்கியராஜ் சிரித்தான். அடுத்த டியூட்டி அவனுடையது. லீவர் வரிசையின் முன் நின்ற சவரிமுத்து திரும்பவில்லை.

இரண்டாவது லைனில் கூட்ஸ் வண்டி நின்றிருந்தது. அப்படி நின்றால், அந்த லைனின் லீவர் பிடியில் ஓர் இரும்பு வளையம் மாட்ட வேண்டும். வளையம் இருந்தால் பிடி அழுந்தாது, பிடி அழுந்தாவிட்டால் லீவர் நகராது, வண்டியை உள்ளே விடும் சிக்னலும் இறங்காது. மனம் எங்கோ போய்விட்டாலும் கை தவறு செய்யாது. ஆனால் சவரிமுத்து அதை என்றுமே தொட்டதில்லை. "எல்லாம் தலையில இருக்கு" என்பார்.

"வீட்டுக்குக் கெளம்புங்க. நான் பாத்துக்கறேன்."

"மாரிக்குப்பம் வண்டிய உள்ள வாங்கிட்டுப் போறேன்."

"தம்பி வர்றானா?"

"வர்றான்."

"அதானே பாத்தேன்! போன தடவ தங்கவயல் சுரங்கத்துலேர்ந்து லீவுல வந்தப்ப கேக் கொண்டாந்தான். இந்தத் தடவ எனக்கும் பங்கு வேணும், சொல்லிட்டேன்."

சவரிமுத்து ஜன்னல் வழியே தண்டவாளத்தைப் பார்த்தார்.

"சர்ச் கமிட்டியில உங்களுக்கு எதிரா கை தூக்கினேன்னு இன்னும் கோவமா?"

"இப்பப் பேசாத பாக்கியம்."

பாக்கியராஜுக்குச் சுருக்கென்றது. ஊர்க்கதை பேசிக்கொண்டே வண்டிகளை உள்ளே விடுகிற மனிதருக்கு இன்று இவ்வளவு ராங்கியா?

வண்டி நெருங்குவதற்கான மணி அடித்தது. மாரிக்குப்பம் வண்டி தினமும் வருவது இரண்டாவது லைனில்தான். சவரிமுத்துவின் கை, பழக்கத்தில், அந்த லீவரைப் பற்றி அழுத்தியது.

அழுந்தவில்லை. வளையம்.

பாக்கியராஜின் சிரிப்பு நின்றுபோனது. சவரிமுத்து கண்ணை மூடித் திறந்தார். ஒரு லீவர் தள்ளிப் போய், முதல் லைனுக்குரியதை இழுத்தார். சிக்னல் இறங்கியது. கூட்ஸ் வண்டியை ஒட்டினாற்போல் ரயில் பத்திரமாக உள்ளே வந்தது. கடைசியில் இருந்த கார்டு வேன் கேபினுக்கு எதிரே நின்றது.

"ஓடுங்கண்ணே, தம்பி எறங்கி உங்களத் தேடப் போறான்."

சவரிமுத்து தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "தேட மாட்டான். மத்தியானம் தந்தி வந்துச்சு... சுரங்கத்துல கல்லு சரிஞ்சிடுச்சாம். அவன நானே பத்திரமா உள்ள கொண்டாரணும்னு நெனச்சேன்."

கீழே கார்டு வேனின் கதவு திறந்தது. கறுப்புத் துணி போர்த்திய சவப்பெட்டியை வாங்க நான்கு பேர் கை நீட்டினார்கள்.