உள்பக்கத்து நட்டு

வலது கை தோள்வரை தண்ணீர்க் கூலருக்குள் போயிருந்தது. கன்னம் விளிம்பில் அழுந்திக் கிடந்தது.

கராஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்டபோது கோமதியால் எழுந்திருக்க முடியவில்லை. கையை எடுத்தால் நட்டு விழுந்துவிடும். அதைப் பிடிக்கத்தான் இத்தனை நேரம் பாடுபட்டாள்.

"மழை வந்துட்டு."

செண்பகராமன் நனைந்த சட்டையோடு நின்றிருந்தான். நூலகத்துக்குப் போனவன். சாயங்காலம்தான் வருவான் என்று நினைத்திருந்தாள்.

அவள் கணவன். ஹாமில்டனுக்கு வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

கோவில்பட்டியில் தாலி கட்டிய மறுவாரமே அவள் நியூசிலாந்துக்குத் திரும்பிவிட்டாள். பால் ஆய்வகத்தில் வேலை. லீவு அவ்வளவுதான். அவனுக்கு விசா வருவது இழுத்துக்கொண்டே போனது. அதுவரை போனில் பேசினார்கள். மழை, சாப்பாடு, விசா.

அவளைப் பற்றி மாமியார் நிறையக் கேட்டிருந்தார். இட்லிக்கு எவ்வளவு உளுந்து போடுவே, குளிருக்கு என்ன உடுத்துவே, தனியா இருக்க பயமில்லையா.

பியர் காய்ச்சுவியா என்று யாரும் கேட்கவில்லை.

காய்ச்சுவது என்ற சொல்லே ஊரில் வேறு மாதிரி ஒலிக்கும்.

அவன் வருவதற்கு முன்பே பெரிய பானை, பாட்டில்கள், ரப்பர் குழாய்கள் எல்லாவற்றையும் கராஜ் மூலைக்குத் தள்ளிப் போர்வையால் மூடிவிட்டாள். பழைய வாஷிங் மெஷின் என்று அவனாக நினைத்துக்கொண்டான். அவள் திருத்தவில்லை.

இப்போது போர்வை தரையில் கிடந்தது.

"என்ன செய்றீங்க? கை மாட்டிக்கிட்டா?" அவளை அவன் இன்னும் நீங்க என்றுதான் சொல்வான்.

ஆரஞ்சு நிறக் கூலர். விளையாட்டு மைதானத்தில் ஐஸ் தண்ணீர் வைப்பார்களே, அது. அடியில் இருந்த பிளாஸ்டிக் குழாயைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையில் எஃகு வால்வு மாட்டிக்கொண்டிருந்தாள்.

தமிழ்ச் சங்கத்துக்கு மோர் கொண்டுபோக என்று சொல்லலாம். நாக்கு நுனிவரை வந்தது. நம்பிவிடுவான். எதைச் சொன்னாலும் நம்புகிறவன்.

அதனால்தான் சொல்ல முடியவில்லை.

"பியர் செய்றதுக்கு," என்றாள்.

அந்தச் சொல் கூலருக்குள் போய், இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது.

தகரக் கூரையில் மழை.

அவள் நிறுத்தாமல் பேசினாள், கூலரின் உள்ளே பார்த்தபடி. முளைகட்டிய பார்லியை நொறுக்கி, சுடுதண்ணீரோடு இதில் கொட்டி மூடிவைக்க வேண்டும். சூடு இறங்கக் கூடாது, அதற்குத்தான் கூலர். உள்ளே மாவெல்லாம் சர்க்கரையாக மாறும். பிறகு வால்வைத் திறந்தால் தித்திப்பாகத் தண்ணீர் வரும். அதைத்தான் காய்ச்சிப் புளிக்க வைப்பது. கூட வேலை பார்க்கிற ஒருத்தி சொல்லிக்கொடுத்தாள். இங்கே தனியாக இருந்த அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை முடியவே முடியாது.

"நான் ரொம்பக் குடிக்கிறதில்ல," என்றாள் கடைசியாக. "செய்யப் பிடிக்கும்."

செருப்புச் சத்தம் நகர்ந்தது. வீட்டுக்குள் போகிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

தரையிலிருந்து ஸ்பானரை எடுக்கும் ஓசை.

"நான் குடிச்சதே இல்ல," என்றான். "எந்தப் பக்கம் திருப்பணும்?"

ஊரில் கல்லூரியில் கணிதம் நடத்தியவன். ஸ்பானரைச் சாக்பீஸ் மாதிரிப் பிடித்தான். முதல் திருப்பலிலேயே வால்வு முழுசாகச் சுழன்று, உள்ளே நட்டு அவள் விரலைக் கடித்தது.

பதறி விட்டுவிட்டான்.

"விடாதீங்க. மெதுவா."

மெதுவாகத் திருப்பினான். மறை பிடித்தது. அவளுடைய விரல்களுக்கும் அவனுடைய ஸ்பானருக்கும் நடுவே ரப்பர் வளையம் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்குவது அவளுக்குத் தெரிந்தது.

அப்போது அவன் சட்டைப் பையில் போன் அடித்தது.

அம்மா. வீடியோவில். எடுக்காவிட்டால் எடுக்கும்வரை அடிப்பார்.

"ஏய்யா, சாப்டியா? கோமதி எங்க?"

போனைத் திருப்பினான். கூலருக்குள் பாதி புதைந்திருந்த மருமகளை மாமியார் பார்த்தார். அவள் சிரிக்கப் பார்த்தாள். அழுந்திய கன்னத்தில் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

"அது என்னய்யா, டிரம்மு கணக்கா?"

அவள் நட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"பார்லி ஊற வைக்கப் போறோம்மா," என்றான் செண்பகராமன்.

"நல்லதுய்யா. ஒடம்புக்குக் குளிர்ச்சி. அவளையும் குடிக்கச் சொல்லு."

"சொல்றேன்."

போனைப் பையில் போட்டான். ஸ்பானரைத் திரும்ப எடுத்தான். முகத்தை ரொம்பப் பொறுப்பாக வைத்துக்கொண்டிருந்தான்.

முதலில் சிரித்தது அவள்தான். சிரிப்பு கூலருக்குள் உருண்டது.

சுடுதண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். ஒழுகியது. இன்னும் இறுக்கினார்கள். ஒழுகியது. ரப்பர் வளையத்தைக் கழற்றி, புரட்டி மாட்டினார்கள். நின்றது.

இருட்டுவதற்குள் பார்லி ஊறிவிட்டது. வால்வைத் திறந்தாள். கலங்கலாக வந்தது. போகப் போகத் தெளிந்தது. ஒரு டம்ளரில் பிடித்து, ஊதி ஆற்றினாள்.

"இதுல இன்னும் போதை கிடையாது. வெறும் சர்க்கரைத் தண்ணி."

அவன் வாங்கி முகர்ந்தான். ஒரு மடக்கு குடித்தான். யோசித்தான். இன்னொரு மடக்கு. டம்ளர் காலியானது.

"பதனி மாதிரி இருக்கு."

இத்தனை வருஷத்தில் அவளுக்கு அப்படித் தோன்றியதே இல்லை. எப்படித் தோன்றாமல் போயிற்று என்றுதான் இப்போது தெரியவில்லை.

அவன் டம்ளரை நீட்டினான். அவள் பிடித்த பிறகும் விடவில்லை.

"புளிச்ச பெறகு சொல்லு," என்றான்.