மூன்றரைக்குப் பூட்டிய கதவு

மின்னசோட்டாவின் சிற்றூர் ஒன்றில், தேவாலயத்துக் கீழறை ஜன்னலுக்கு வெளியே பனி வெயிலில் கண்ணைப் பறிக்கிறது. மருந்துக் காப்பீட்டில் முதியோருக்கு உதவ இங்கே உட்காரும் ஆர்லிஸ் மேஜைக் காலை மடக்கக் குனிகையில் டெல்மர் உள்ளே வருகிறார். கையிலுள்ள காபி டப்பாவில் மனைவியின் மாத்திரைப் புட்டிகள் கலகலக்கின்றன. முதியோருக்கான அரசுக் காப்பீட்டில் மருந்துத் திட்டத்தை மாற்ற நேற்றுதான் கடைசி நாள். "விளம்பரக் குப்பையோட காப்பீட்டுக்காரங்க அனுப்பின கடிதத்தையும் அடுப்புல போட்டுட்டேன். ஜனவரியிலேர்ந்து அவளோட இதய மாத்திரை அவங்க பணம் குடுக்கிற பட்டியல்ல இல்லையாம். நான் மரமண்டைன்னு வீட்டுல தீர்ப்பே ஆயிடுச்சு" என்று சிரிக்கிறார். "இனிமே அடுத்த அக்டோபர்தான், டெல்மர். நேத்தே வந்திருக்கக் கூடாதா?" என்கிறாள் ஆர்லிஸ். "வந்தேனே, நாலு மணிக்கு. விளக்கு அணைஞ்சிருந்துச்சு." அவள் கை மேஜைக் காலிலேயே நின்றுவிடுகிறது. 'உதவி ஐந்து மணி வரை' என்று அவளே எழுதிய தாள் இன்னும் கதவில் இருக்கிறது. இந்தப் பனியில் யார் வரப்போகிறார்கள் என்று நேற்று மூன்றரைக்கே பூட்டியவளும் அவள்தான். அதைச் சொல்ல வாயெடுக்கிறாள். டெல்மர் தொப்பியைக் கழற்றியபடி, "அந்தப் பனியில நீங்க பத்திரமா வீடு போய்ச் சேர்ந்தீங்களா? எனக்கு அதுதான் கவலையா இருந்துச்சு" என்கிறார். ஆர்லிஸ் பாதி மடக்கிய மேஜைக் காலை மெல்ல நிமிர்த்தி, அவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடுகிறாள்.