கோணிக்குள் சிங்கப்பூர்

ரெக்கார்டுப் பாட்டில் சிங்கப்பூர் என்று வந்ததும் மாரப்பன் ஊசியைத் தூக்கிவிட்டான்.

"வருதுங்கக்கா."

"அப்ப இதையும் கோணியில போடு. அடுத்தத வையி," என்றாள் இசபெல்லா.

பக்கத்து மில்லில் ராகி அரைத்துக்கொண்டு வெளியே வந்தாள் ராஜமேரி. மாவுக்கூடையைத் தலைக்கு ஏற்றப் போன கை அப்படியே நின்றுவிட்டது. நாளைக்கு இசபெல்லாவின் மகன் ஞானராஜுக்குக் கல்யாணம். பென்னாகரம் கடைவீதியில் ரேடியோ செட் கடை வைத்திருக்கும் இந்த மாரப்பன்தான் அதற்குப் பாட்டுப் போடப் போகிறவன்.

அடுத்த ரெக்கார்டு சுற்றியது. இரண்டு அடி பாடுவதற்குள் ஜப்பான் வந்தது; அதுவும் கோணிக்குள் போயிற்று. அதற்கடுத்ததில் லண்டன்.

"வெளிநாட்டுப் பேரு வர்ற பாட்டு ஒண்ணு வுடாம பொறுக்கணும் மாரப்பா. நல்லா யோசிச்சுப் பாரு."

ராஜமேரிக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு எரிந்தது. எரியாதா பின்னே?

இருவரும் ஓரகத்திகள். அண்ணனைக் கட்டியவள் ஒருத்தி, தம்பியைக் கட்டியவள் ஒருத்தி. ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடித்தனம். இசபெல்லாவின் புருஷன் வியாகுலம் பிடித்துக் கொடுத்த ஏஜெண்டை நம்பித்தான் ராஜமேரியின் ஒரே மகன் சவரியும், ஞானராஜும் மெட்ராசில் ஒன்றாகக் கப்பல் ஏறினார்கள். ஞானராஜ் கழுத்தில் சங்கிலியும் கையில் டூ-இன்-ஒன்னுமாகத் திரும்பி வந்தான். சவரி வரவில்லை. சிங்கப்பூரில் இருக்கிறான் என்றார்கள், அப்புறம் மலேசியா என்றார்கள், கடைசிக் கடுதாசி துபாயிலிருந்து வந்தது. அதோடு சரி. இருக்கிறானா இல்லையா என்பது அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம்.

அன்றிலிருந்து எந்த வெளிநாட்டுப் பேரைக் கேட்டாலும் ராஜமேரிக்கு உயிர் போய் உயிர் வரும். போன வருஷம் மாதா கோயில் திருவிழாவில் ரேடியோக் குழாயில் அப்படியொரு பாட்டு வந்து, தேருக்கு முன்னாலேயே மயங்கி விழுந்தாள். ஊரே பார்த்தது. இசபெல்லாவும்தான் பார்த்தாள்.

பார்த்தவள் செய்கிற வேலையா இது? நாளைக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் குழாயைக் கட்டி, பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரைக்கும் சிங்கப்பூர், ஜப்பான், லண்டன் என்று அலறவிட்டால் அவள் எங்கே போய் ஒளிவாள்? வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்பது இதுதான்.

கடை வாசலில் கல்யாணத்துக்குப் போகிற மாட்டுவண்டி நின்றது. ஆம்ப்ளிஃபயர், குழாய், ரெக்கார்டுப் பெட்டி எல்லாம் ஏற்றிக் கயிறும் கட்டியாகிவிட்டது. இந்தக் கோணி ஒன்றுதான் பாக்கி போலிருக்கிறது. ராஜமேரி கூடையை மில் படியிலேயே விட்டுவிட்டு விறுவிறுவென்று கடைக்குள் ஏறினாள்.

"ஏண்டி, உனக்கு ஈவு எரக்கம்னு ஒண்ணு இருக்குதா?"

இரண்டு வருஷத்துக்கு அப்புறம் அவள் இசபெல்லாவிடம் பேசிய முதல் பேச்சு அது. இசபெல்லா திடுக்கிட்டு எழுந்தாள். "என்னக்கா, கடையில வந்து..."

"அக்காவாம் அக்கா. எம்புள்ளய ஊர் தெரியாத ஊருல தொலைச்சிட்டு வந்த குடும்பம் நீங்க. இப்ப அந்த ஊர் பேரையெல்லாம் பொறுக்கி எங்காதுல காய்ச்சி ஊத்தப் போறியா?"

"வாய அளந்து பேசு. உங்கூட மல்லுக்கட்ட எனக்கு நேரமில்ல. கல்யாண வேலை தலைக்கு மேல கெடக்குது."

"அப்ப இந்த மூட்ட எதுக்கு? சொல்லு பாப்போம்."

"உங்கிட்ட எதுக்குச் சொல்லணும்? சொன்னா நம்பிடுவியா? ரெண்டு வருசமா எங்க வூட்டுல சொன்ன எத நீ நம்புன?"

மாரப்பன் நடுவில் வந்தான். "ஏங்க, ஒரு நிமிசம் நான் சொல்றதக்..."

"நீ சும்மா இரு," என்று இரண்டு பேரும் சேர்ந்தே அவனை அதட்டினார்கள்.

அவ்வளவுதான். ராஜமேரி குனிந்து கோணியை வாரித் தூக்கினாள். வாசல் படிக்கல்லில் ஓங்கி ஓங்கி அடித்தாள். உள்ளே ரெக்கார்டுகள் நொறுங்கும் சத்தம் கேட்டும் ஆத்திரம் அடங்காமல், கீழே போட்டு மிதித்தாள். தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

"எம்புள்ள போன மாதிரியே உம்புள்ளயும் போவான்டி. அன்னிக்குத் தெரியும் உனக்கு."

மறுநாள் மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கப் போகிற பிள்ளையைச் சொல்லுகிற சொல்லா அது? இசபெல்லாவின் முகம் சாம்பலாகப் போனது. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னைய என்ன வேணா சொல்லியிருக்கலாம் நீ. இத்தோட நமக்குள்ள ஒண்ணுமில்லக்கா," என்றவள், படியிறங்கி பஸ் நிற்கும் பக்கமாகத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள்.

ராஜமேரிக்கு மூச்சு வாங்கியது. ஆனாலும் நெஞ்சில் ஒரு நிம்மதி, ஜெயித்தாகிவிட்டது. "நாளைக்கு அவ எப்படிப் போடுறான்னு பாக்கறேன்," என்றாள் மாரப்பனைப் பார்த்து.

மாரப்பன் அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து உடைந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னான்.

"இதெல்லாம் உங்க காதுல வுழவே கூடாதுன்னு, கடையிலயே போட்டுட்டு வரச் சொன்னாங்க."