உள்பக்கக் கொண்டி

லாரி முதலாளி. அவருடைய கார் டிரைவர். ஒரு ஏட்டு. தங்கை. அவன்.

அரசு மருத்துவமனையின் பின்பக்கம், ஜெனரேட்டர் அறையின் நிழலில் நின்றார்கள்.

பிணவறை ஊழியர் கதவைப் பாதி திறந்து எட்டிப் பார்த்தார்.

“பாடி யாருது?”

“என்னுதுங்க” என்றான் அவன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

சங்ககிரியில் அவன் லாரிக்குப் பாடி கட்டுகிறவன். எஞ்சினும் சக்கரமும் உள்ள சேஸ் மட்டும்தான் வரும். மொட்டையாக, வெறும் எலும்பாக. தலையில் துண்டு கட்டிய டிரைவர் மரப்பெட்டிமேல் உட்கார்ந்து ஓட்டி வருவார். அதற்குக் கேபினும் கதவும் பலகையும் வைத்து உருவம் கொடுத்து அனுப்புவது அவன் வேலை. எந்த ஊர் டிரைவரோ வண்டியைச் சுற்றி வந்து, பலகையைத் தட்டிப் பார்த்து, பாடி யாருது என்று கேட்பார். கட்டினவன் யார் என்று பொருள். பட்டறையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

தாடி முளைத்த நாளிலிருந்து அதற்கு அவன் சொல்லிவந்த பதில் இது ஒன்றுதான்.

உள்ளே கிடப்பவன் அர்த்தநாரி. தங்கையின் கணவன். முதலாளியின் லாரி டிரைவர்.

பட்டறையில் கட்டி முடித்த வண்டியை டெலிவரி எடுத்த அன்று அர்த்தநாரி தன் தொப்பையைத் தட்டிக்கொண்டு சொன்னான்.

“லாரிக்கு மட்டுந்தானா மச்சா? எனக்கும் ஒரு பாடி கட்டி உடுங்க.”

பட்டறையே சிரித்தது. தங்கை மட்டும் சிரிக்கவில்லை. கேபினுக்குள் ஏறி கதவை இழுத்து இழுத்துப் பார்த்தாள். வடக்கே போகிற வண்டி. ஓரம்கட்டித் தூங்குகிற டிரைவர்களைக் கதவைத் திறந்து கத்தியால் குத்துகிறார்களாம். யாரோ சொல்லியிருக்கிறார்கள். உள்ளே ஒரு கொண்டி வைத்துக் கொடு என்றாள்.

வைத்துக் கொடுத்தான். இரண்டு கதவுக்கும். பட்டை இரும்பை அறுத்து, வளைத்து, வெல்டிங்கை அவனே வைத்தான். வேறு யார் கையிலும் கொடுக்கவில்லை.

அர்த்தநாரி ஓரம்கட்டித்தான் தூங்கியிருக்கிறான். எதிரே வந்த வண்டி தடம் மாறி வந்து லாரியின் முகத்தில் மோதிவிட்டது.

ஏட்டு முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாகத்தான் சொன்னார்.

“மோதினப்பறமும் உசுரு இருந்திருக்குதுங்க. சத்தம் போட்டிருக்கான். சனம் ஓடியாந்து கதவ இழுத்திருக்குது. ரெண்டு கதவும் வரல. உள்ள கொண்டி. எவன் வெச்சானோ, நல்லா வெச்சிருக்கான்.”

முதலாளி தரையைப் பார்த்தார்.

அவன் தங்கையைப் பார்த்தான்.

தங்கை ஜெனரேட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

போன் அடித்தபடி இருந்தது. பாடி கொடுத்துட்டாங்களா, பாடி கிளம்பிருச்சா, பாடி எத்தனை மணிக்கு எடுக்கிறாங்க. ஒவ்வொருவருக்கும் அவள் ஒரே பதிலைச் சொன்னாள். அவரு வந்துட்டிருக்காரு.

காரியம் முடிந்தது.

பட்டறையில் அடுத்த சேஸ் வந்து நின்றது. அவன் தொடவில்லை. தங்கை வீட்டுப் பக்கமும் போகவில்லை. போனால் கேட்பாள் என்று பயந்தான். கேட்காமல் இருந்தால் என்ன செய்வது என்று அதைவிடப் பயந்தான்.

ஒரு மத்தியானம் அவளே கூப்பிட்டாள். ஆம்பளை இல்லாத வீடு என்று தெரிந்துகொண்டு எவனோ கதவைத் தட்டிவிட்டுப் போகிறான். ஒரு கொண்டி வேண்டும்.

வெல்டிங் மிஷினைத் தூக்கிக்கொண்டு போனான்.

இரும்புக் கதவு. முற்றத்து வெயிலில் உட்கார்ந்து பட்டையை அறுத்தான். வெல்டிங்கை இரண்டு பொட்டு மட்டும் வைத்தான். தோளால் ஒருத்தன் மோதினால் பிய்த்துக்கொள்ளும். அது அவனுக்குத் தெரியும். அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நினைத்தான்.

தங்கை வந்து கொண்டியைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். லாரிக்காரன் பொண்டாட்டி, இரும்பு தெரிந்தவள்.

“இது ஒதைச்சா வந்துரும். அவருக்கு வெச்ச மாதிரி வெய்ண்ணா.”

கண்ணாடியை மாட்டிக்கொண்டான். நெருப்புப் பொறி பறந்தது. பட்டையின் முழு நீளத்துக்கும் வெல்டிங் ஓட்டினான். சூடு ஆறும்வரை இருவரும் அங்கேயே நின்றார்கள். அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தான். ஏட்டு சொன்னது காதில் விழுந்துச்சா என்று கேட்க வாயைத் திறந்தான். சீனி போதுமா என்று அவள் கேட்டாள். போதும் என்றான்.

சாமானை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

பின்னால் அவள் கதவைச் சாத்தினாள். கொண்டி விழுந்தது.

திரும்பி, உள்ளங்கையை வைத்துத் தள்ளிப் பார்த்தான். பிறகு தோளை வைத்துத் தள்ளினான்.

அசையவில்லை.