நாலு மணிக்குப் பத்து நொடி

கடைசி வளைவுக்கு இந்தப் பக்கம், ஓரமாக, எர்வே காரை நிறுத்திக்கொண்டு கிடந்தான்.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அணைத்தால் மறுபடி பிடிக்காது. கியரில் மூன்றாவது ஒன்றுதான் மிச்சம். மற்றதெல்லாம் காலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டது.

பிரான்சின் லெ மான் கார் பந்தயத்தில் சட்டம் இதுதான். இருபத்துநாலு மணி நேரம் ஓடி, நாலு மணிக்குக் கொடி அசைந்த பிறகு கோட்டைத் தாண்ட வேண்டும். ஒரு நொடி முந்தினாலும் இன்னொரு சுற்று. பதிமூன்று கிலோமீட்டருக்கும் மேல்.

இந்த கியர்பாக்ஸ் அதில் பாதிகூடத் தாங்காது.

ஐந்து வருடமாக வருகிறான். ஒரு வருடம் டயர், ஒரு வருடம் தீ. வெண்ணெய் திரளும்போதெல்லாம் தாழி உடைந்தது.

ஒரே ஒரு தடவை முடித்துவிட்டால் காரை விற்றுவிடுகிறேன், ஞாயிற்றுக்கிழமை மனுஷனைப் போல வீட்டில் உட்கார்ந்து கோழி சாப்பிடலாம் என்று மனைவி ஆர்மெலிடம் சத்தியம் செய்திருந்தான். அவள் தலையை ஆட்டிவிட்டு, ஸ்டாப்வாட்சைத் துடைத்துப் பத்திரமாகப் பையில் வைத்தாள்.

இப்போது அவனுக்கு அந்தக் கோழிதான் வேண்டியிருந்தது. உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருந்தது. கூட ஓட்டிய இருவரும் கைகழுவிவிட்டுத் தூங்கப் போய்விட்டார்கள். சீ, போதும் இந்தப் பொழப்பு என்று ஹெல்மெட்டுக்குள் முனகினான்.

இங்கிருந்து கோடும் தெரியாது, கடிகாரமும் தெரியாது. எப்போது கிளம்பினால் சரியாக வரும் என்று ஆர்மெல்தான் சொல்ல வேண்டும். ஸ்டாப்வாட்சோடு கோட்டுக்குப் பக்கத்தில், கார்களைப் பழுதுபார்க்கும் பிட்டின் சுவரில் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருடமாக எந்தப் பந்தயத்திலும் அவனுக்கு நேரம் சொல்பவள் அவள்தான். அரை நொடி பிசகியதில்லை.

காதில் ரேடியோ கரகரத்தது.

"எர்வே, போ. இப்பவே போ."

கிளச்சை விட்டான். கார் முக்கி முனகி நகர்ந்து, வளைவு திரும்பி, கோட்டைத் தாண்டியது.

கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தார். அவர் தலைக்கு மேலே கடிகாரத்தில், நாலாக இன்னும் பத்து நொடி.

எர்வேக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. பின்னால் கியர்பாக்ஸ் கடகடத்தது. ஆனாலும் கார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மன்னித்துக்கொள், தப்பாகப் பார்த்துவிட்டேன் என்று அவள் சொல்வாள் என்று காத்திருந்தான்.

ரேடியோ மறுபடி கரகரத்தது.

"அடுத்த வருஷம் கியர்பாக்ஸை முதல்லயே மாத்திடணும்ப்பா."

அவள் குரலில் களைப்பே இல்லை.