கட்டிலோரத்துத் துப்பாக்கி

உலகப்போர்களில் சுட்டு ஓய்ந்த துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்ப்பதுதான் இஸ்ரவேலுக்கு வாழ்க்கையாக இருந்தது. கூடத்துச் சுவர்களில் இடமில்லாமல் போய், சில படுக்கையறைக்கும் வந்துவிட்டிருந்தன. மனைவி செலின் புற்றுநோயில் படுத்துக் கிடந்ததும் அந்த அறையில்தான். அவள் இறந்து ஒரு மழைக்காலம் கழிந்தபின், அதே துப்பாக்கிப் பித்துப் பிடித்த நண்பர் தாவூத் வந்தார். கட்டிலோரம் சாய்த்திருந்த என்ஃபீல்டு துப்பாக்கியை எடுத்து, அதன் மரக்கட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார்.

“அண்ணே, இங்க பாருங்க, பல்லு பதிஞ்ச தடம்! குண்டடி பட்டவன் எவனோ வலி பொறுக்க முடியாம கடிச்சிருக்கான். பாவம், எந்த ஊருப் புள்ளையோ.”

இஸ்ரவேல் கையில் வாங்கிப் பார்த்தார். வாங்கிய புதிதில் அந்தக் கட்டையை அங்குலம் அங்குலமாகத் தேய்த்து எண்ணெய் பூசியவர் அவர். அப்போது அதில் ஒரு கீறல்கூட இல்லை. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம், “பக்கத்து ரூம்லதான் படுத்திருந்தேன். கடைசிவரைக்கும் ஒரு சத்தம் போடலையே என் செலினு” என்று பெருமையாகச் சொன்னவரும் அவர்தான்.



“ஆமா தாவூது,” என்றார் இஸ்ரவேல். “ரொம்ப வலிச்சிருக்கும்.”