பின்விளக்கு

அரிசோனா பாலைவனத்து நெடுஞ்சாலையில் வெயில் தணிகிறது. முன்னால் தக்காளி லாரி. பின்னாலேயே போலீஸ்காரர் வெர்டூகோவின் கார். மடியில் கிடக்கும் போனிலிருந்து உளவுத்துறை அதிகாரியின் குரல் அலுப்போடு வருகிறது. "போதைச் சரக்கு அந்தத் தக்காளிக்குள்ளதான் இருக்கு. ஆனா நாங்க சொன்னோம்னு கோர்ட்ல வரக்கூடாது. நிறுத்துறதுக்கு நீயே ஒரு காரணம் தேடிக்கோ." "லைசென்ஸ் வாங்க வந்தவன் மாதிரி ஓட்டுறான் சார். ஒரு தப்பும் பண்ண மாட்டேங்குறான்." "தேடு." போன் அணைகிறது. முள்செடிகளின் நிழல் தார்ச்சாலையில் நீண்டு கிடக்கிறது. லாரி சிக்னல் போட்டு, வேகத்தைக் குறைத்து, அழகாக வளைவில் திரும்புகிறது. வெர்டூகோ சைரனைத் தட்டுகிறார். லாரி ஓரமாக நிற்கிறது. ஓட்டுநர் ஜன்னலில் தலையை நீட்டி, "நான் என்ன தப்பு பண்ணினேன் ஆபீசர்?" என்கிறான். லாரிக்குப் பின்னால் நின்றபடியே வெர்டூகோ சொல்கிறார்: "பின்விளக்கு எரியலை." அந்த விளக்கின் சிவப்பு அவர் சட்டை முழுக்க விழுந்திருக்கிறது.